மலையுச்சிக்குப் பிறகு நடந்த வாதம்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மெய்யியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

ராசிபுரத்திலிருந்து வரும் இந்த மடலின் கோரிக்கைக்கு இரண்டு பாதிகள். வெகுஜனத் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதுங்கள் என்பது ஒரு பாதி. எழுதுவதற்குப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது மறுபாதி. முதலாவதைக் கேட்டுத் துறையின் மூத்தவர்கள் சிரிக்கலாம். இரண்டாவதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். சிரிப்பையும் சுளிப்பையும் பொருட்படுத்தாமல் இந்தக் காரியத்தைச் செய்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய படிப்பு ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

‘மேட்ரிக்ஸ்’ படத்தின் முதல் பாகம் 1999இல் வெளிவந்தது. அடுத்த இரண்டு பாகங்களும் 2003இல் வரப்போகின்றன என்ற நிலையில், படத்தின் அதிகாரபூர்வ இணையதளத்துக்காக மெய்யியலாளர்களிடம் கட்டுரைகள் கேட்டு வாங்கினார்கள். தொகுக்கும் பொறுப்பு கிறிஸ்டோபர் கிராவ் என்ற மெய்யியல் ஆசிரியருக்கு. எழுதியவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. மனம் பற்றிய மெய்யியலில் முதல் வரிசையில் இருக்கும் டேவிட் சால்மர்ஸ், ஹைடெக்கரை அமெரிக்க மாணவர்களுக்குக் கற்பித்தே பெயர் பெற்ற ஹியூபர்ட் டிரைஃபஸ், கொலின் மெக்கின், ஜூலியா டிரைவர், ஆண்டி கிளார்க் என்று பட்டியல் நீளும். மூன்று பாகங்களும் ஓடி ஓய்ந்த பிறகு, 2005இல், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அந்தக் கட்டுரைகளை நூலாகப் போட்டது.

விளம்பரம்தானே என்று கேட்டால், ஆமாம், விளம்பரம்தான். அடுத்த பாகங்களுக்குக் கூட்டம் சேர்க்க ஒரு ஹாலிவுட் நிறுவனம் செய்த வேலைகளில் இதுவும் ஒன்று. ஆனால் சால்மர்ஸ் என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். நாயகன் அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் பொய் என்பதுதான் படத்தின் அச்சாணி. சால்மர்ஸ் அதையே பிடுங்கினார். பிறந்ததிலிருந்தே நாம் ஒரு கணினி நடத்தும் உலகத்தில் இருக்கிறோம் என்றே வைத்துக்கொண்டாலும், மேசையும் மரமும் கையும் காலும் பொய்யாகிவிடுவதில்லை. அவை அடிப்படையில் எதனால் ஆனவை என்பதைப் பற்றி நாம் நினைத்திருந்தது மட்டுமே மாறும் என்று வாதிட்டார். படத்தின் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு படத்தை மறுத்த கட்டுரை அது. அந்த வாதத்தைத்தான் பிற்பாடு வளர்த்தெடுத்து 2022இல் ‘ரியாலிட்டி ப்ளஸ்’ என்ற பெரிய நூலாக்கினார். படக்காரர்கள் கேட்டு வாங்கிய ஒரு கட்டுரைதான் இருபது ஆண்டு ஆராய்ச்சியின் ஒரு கண்ணியாக இருந்திருக்கிறது.

இந்த வழக்கு உங்களுக்குப் புதியதல்ல. விழிப்பும் கனவு மாதிரிதான் என்று சாதிக்கும் வசுபந்துவின் விம்சதிகாவையும், விழிப்பு வேறு கனவு வேறு என்று விஞ்ஞானவாதிகளை மடக்கும் சங்கரரின் பிரம்மசூத்திர உரையையும் வகுப்பில் நடத்துகிறவர்கள் நீங்கள். சால்மர்ஸுக்கு ஒரு கை கொடுக்கவோ காலை வாரவோ தேவையான சரக்கு உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது.

எல்லோரும் அந்தப் படத்துக்கு மசிந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. நாயகன் தன் திருட்டுச் சரக்கை ஒளித்துவைக்கும் உள்ளீடற்ற புத்தகம், பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜான் போத்ரியாரின் நூல். அவரோ 2003இல் கொடுத்த பேட்டியில், அந்த மேட்ரிக்ஸ் இயந்திரமே ஒரு படம் எடுத்திருந்தால் இப்படித்தான் எடுத்திருக்கும் என்ற பொருளில் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். 2004இல் மூன்று பாகங்களையும் சேர்த்து வெளியிட்ட டிவிடி தொகுப்பில் இன்னொரு வேடிக்கை. படத்தோடு கூடவே ஓடும் உரை இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தது. ஒன்றில் படத்தை ரசித்த கார்னல் வெஸ்டும் கென் வில்பரும் பேசினார்கள். மற்றதில் படம் பிடிக்காத விமர்சகர்கள் பேசினார்கள். தன் படத்தைத் திட்டுவதையும் தன் செலவிலேயே பதிவுசெய்து விற்கிற முதலாளியை நம் ஊரில் காட்டுவது கஷ்டம்.

கார்னல் வெஸ்ட் அப்போது பிரின்ஸ்டன் பேராசிரியர். மேட்ரிக்ஸின் பின்னிரண்டு பாகங்களில் சபை உறுப்பினராகவும் வந்துபோனார். அது போலத் தமிழ்ப் பேராசிரியர் நம் சினிமாவில் தோன்றியதுண்டு. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த சாலமன் பாப்பையா, 2007இல் ‘சிவாஜி’ படத்தில் நடித்தார். பாரி மகளிர் பெயர்களான அங்கவை, சங்கவை இரண்டையும் அந்தப் படம் கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் நகைச்சுவைக்குப் பயன்படுத்தியதும், தமிழ் ஆர்வலர்கள் வருந்தியதும் நினைவிருக்கும். பட்டிமன்ற மேடையில் வாதத்தைத் தானே நடத்தும் ஒருவர், படத்தில் வேறொருவர் எழுதிய வசனத்தைப் பேசினார். சினிமா அறிஞருக்குப் பணம் கொடுப்பது இங்கே புதிதல்ல. கையில் வசனத்தைக் கொடுத்துப் பணம் தருகிறார்களா, வெற்றுத்தாளைக் கொடுத்துப் பணம் தருகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த மடல் கேட்பது வெற்றுத்தாளை.

தமிழ் சினிமாவைப் பற்றிப் படித்தவர்கள் எழுதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ப் படம் அரசியல் தொடர்புக் கருவியாக இயங்கிய விதத்தை 1981இல் நூலாக்கினார். அதே ஆண்டு அஞ்சல் துறை அதிகாரி சு. தியடோர் பாஸ்கரன் விடுதலைப் போராட்டக் கால நாடகத்தையும் சினிமாவையும் பற்றி எழுதினார். 1996இல் வந்த அவருடைய அடுத்த சினிமா நூல் தேசிய விருது பெற்றது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் பிம்பத்தை ஆராய்ந்து எழுதியது பிற்பாடு ‘பிம்பச் சிறை’ என்று தமிழிலும் வந்தது. சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளர் மதுரையில் தங்கி, ரசிகர்களோடு பேசி எழுதினார். வரலாறு வந்தது, அரசியல் வந்தது, மானுடவியல் வந்தது, பொருளாதாரம் படித்தவர் வந்தார். மெய்யியல் துறையின் நாற்காலி மட்டும் காலியாகக் கிடக்கிறது. இத்தனைக்கும் தமிழ் மக்களில் பெரும்பாலோருக்குத் ‘தத்துவப் பாடல்கள்’ என்றாலே ஒலிநாடாக் கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுகள்தான். உங்கள் சரக்கை உங்களைக் கேட்காமலே இன்னொரு கடை எழுபது ஆண்டுகளாக விற்றுவருகிறது.

இந்தப் பக்கத்து மண்ணில் அந்த வியாபாரம் எப்படித் தொடங்கியது என்பது சுவையான கதை.

ராசிபுரத்திலிருந்து சேலம் அரை மணி, முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணம். சேலத்தில் ஏற்காடு சாலையில் நிற்கும் பழைய வளைவு, மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தைக் காட்டும். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய நிறுவனம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் அங்கே எடுக்கப்பட்டதுதான்; தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. எழுத்தாளரிலிருந்து தச்சர் வரை மாதச் சம்பளம், மணியடித்தால் வேலை. ‘சண்டமாருதம்’ என்று ஒரு பத்திரிகையும் அந்த நிறுவனம் நடத்தியது. கண்ணதாசன் அதில் ஆசிரியர் வேலை பார்த்தார். படக் கம்பெனிப் பணத்தில் எழுத்தாளர் பத்திரிகை நடத்துவதை 2002இல் அமெரிக்கா கண்டுபிடிக்கவில்லை. சேலம் அதற்கு அரை நூற்றாண்டு முந்திக்கொண்டது.

1950இல் அங்கிருந்து ‘மந்திரி குமாரி’ வந்தது. வசனம் மு. கருணாநிதி, இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும். கதையின் வேர் குண்டலகேசி. கொலைக்களத்துக்குப் போக இருந்த கள்வன்மேல் காதல்கொண்டு அவனைக் கணவனாக அடைந்த ஒருத்தி. அவளைத் தள்ளிக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போகும் அவன். சாவதற்கு முன் உன்னை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று கேட்டு, பின்னால் வந்து அவனைத் தள்ளிவிடும் அவள். எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் நடித்த அந்தக் காட்சியைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்காத வீடு சேலம் வட்டாரத்தில் குறைவு. எம்.ஜி.ஆர். நாயகனாக இருந்தும் ஊர் நினைவில் வைத்திருப்பது அந்த மலையுச்சியைத்தான்.

பழைய கதையில் மலையுச்சி பாதிக் கதைகூட இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் துறவு பூண்டு வாதியாகிறாள். ஊர் ஊராகப் போகிறாள். ஊர் வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளை ஒன்றை நட்டுவைக்கிறாள். என்னோடு வாதிட முடிந்தவர் இந்தக் கிளையை மிதிக்கலாம் என்பது அதன் பொருள். பாலி மொழி உரை சொல்லும் கதைப்படி, சாரிபுத்தர் சிறுவர்களை விட்டுக் கிளையை மிதிக்கச் செய்கிறார்; வாதத்தில் அவரிடம் தோற்றுப் பௌத்தத்துக்கு வருகிறாள். கணவனைக் கொன்ற பெண் என்பதோடு நில்லாமல், நாடு முழுவதையும் வாதுக்கு அழைத்த பெண் என்பதால்தான் அவளைப் பற்றிக் காப்பியம் எழுதினார்கள். சினிமா கள்வனையும் மலையையும் எடுத்துக்கொண்டது. நாவல் கிளையை விட்டுவிட்டது. சினிமாவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மணலில் நட்ட கிளையை வைத்து அரங்கத்தில் விசில் வாங்க முடியாது. விட்டுப்போன பாதியை எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

இருந்தார்கள் என்பதும் வெறும் பேச்சில்லை. குண்டலகேசி நூல் அழிந்துபோய்ச் சில பாடல்களே மிஞ்சின. அதன் வாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று இன்று ஊகிக்க முடிவது, அதற்கு மறுப்பாகச் சமணர் எழுதிய நீலகேசியாலும் அதன் உரையாலும்தான். நீலகேசியை, சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு 1936இல் பதிப்பித்தவர் அ. சக்கரவர்த்தி நயினார். சென்னை மாநிலக் கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக இருந்தவர். உங்கள் துறைக்காரர், அரசுச் சம்பளம் வாங்கியவர். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் படப்பிடிப்புத் தளம் எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் அந்தப் பெண்களின் வாதங்களை ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றினார். இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. ‘மந்திரி குமாரி’ வெளிவந்தபோது சக்கரவர்த்தி நயினார் உயிரோடு இருந்தார். யாராவது ஒரு பத்திரிகை ஆசிரியர் அவருக்கு டிக்கெட்டும் சன்மானமும் கொடுத்து, இந்தப் படத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுங்கள் ஐயா என்று கேட்டிருந்தால் தமிழில் என்ன மாதிரியான கட்டுரை கிடைத்திருக்கும்! தற்காப்புக்காகக் கொல்வதைச் சமணர் எப்படிப் பார்ப்பார், பௌத்தர் எப்படிப் பார்ப்பார் என்பதிலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பௌத்தர் ஒரு பெண்ணின் கதை சொன்னார். சமணர் இன்னொரு பெண்ணின் கதை சொல்லி அதை மறுத்தார். தமிழில் மெய்யியல் சண்டை அப்படி நடந்தது, கதைக்குக் கதை. அந்த வழக்கம் செத்துப்போகவில்லை. 1992இல் ‘தேவர் மகன்’ வந்தது. எசக்கி என்ற சிறிய வேடத்தில் வடிவேலு கையை இழந்து நின்றார். 2023 ஜூனில், ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை முன்னால் வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் சொன்னார்: ‘தேவர் மகன்’ தன்னை அலைக்கழித்தது, அந்த எசக்கிதான் இந்த மாமன்னன் என்று. முப்பத்தோரு ஆண்டுக்குப் பிறகு படத்துக்குப் படம் மறுப்பு. குண்டலகேசிக்கு நீலகேசி எப்படியோ அப்படி. நாவல் கிளையை நட்டாயிற்று. மிதிக்க வேண்டிய வாதிகளைத்தான் காணோம்.

‘மாமன்னன்’ ராசிபுரத்துக்காரர்களுக்கு வீட்டுக் கதை. படத்தில் வடிவேலு சேலம் பக்கத்துத் தனித்தொகுதி ஒன்றின் சட்டமன்ற உறுப்பினர். தொகுதியின் பெயர் காசிபுரம். ஓர் எழுத்தை மாற்றிப் படித்துக்கொள்ள இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ராசிபுரமும் தனித்தொகுதிதான். 2011இல் இங்கிருந்து வென்ற ப. தனபால் மறு ஆண்டு சட்டப்பேரவைத் தலைவரானார். படமும் மாமன்னன் பேரவைத் தலைவராவதில்தான் முடிகிறது. படம் அவரைப் பற்றியதா என்ற கேள்வியில் தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் சில வாரம் மும்முரமாக இருந்தன. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் படத்தின் உள்ளே கிடக்கும் கேள்வி அப்படியேதான் இருக்கும். அதை எடுக்க உங்கள் கருவிகள் வேண்டும்.

நாற்காலிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சமாதானப் பேச்சுக்காக ஆதிக்கச் சாதித் தலைவன் ரத்னவேலின் வீட்டுக்கு அப்பாவும் மகனும் போகிறார்கள். மகன் உட்காருகிறான். சட்டமன்ற உறுப்பினரான அப்பா நிற்கிறார். அந்த வீட்டில் அவர் எப்போதும் நின்றுதான் பழக்கம். உட்காருங்கப்பா என்கிறான் மகன். அங்கே வெடிக்கிறது. அமெரிக்க மெய்யியலாளர் தாமஸ் ஹில் 1973இல் அடிமைக்குணத்தையும் சுயமரியாதையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தன் உரிமை எது என்று தெரியாமல் பணிகிறவர், தெரிந்தும் அதைத் துச்சமாக நினைத்துப் பணிகிறவர் இருவரும் தனக்குத் தான் செய்துகொள்ள வேண்டிய கடமையில் தவறுகிறார்கள்; ஆனால் எல்லாம் தெரிந்தும், வேறு வழியில்லாமல் பணிவது போல் காட்டிக்கொள்கிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்பது அவர் போக்கு. மாமன்னன் இவர்களில் யார்? அந்தக் காட்சியில் நிற்பது பயமா, பழக்கமா, தொகுதி மக்களை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கா? மகனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்தால் அது யாருடைய சுயமரியாதை? கடைசியில் கிடைக்கும் பேரவைத் தலைவர் நாற்காலி சட்டம் போட்ட நாற்காலி. ரத்னவேல் வீட்டு நாற்காலி இன்னொருவன் மனம் வைத்தால்தான் கிடைக்கும். முதலாவது கிடைத்துவிட்டதால் இரண்டாவதன் கணக்கு தீர்ந்துவிடுகிறதா? படம் தீர்ந்தது போல முடிகிறது. தீரவில்லை என்று வாதிட இடமிருக்கிறது. சுயமரியாதை என்ற பெயரிலேயே இயக்கம் கண்ட மண்ணில் இதை எழுத ஹில்லோடு நிறுத்திக்கொள்ளவும் தேவையில்லை.

படம் ஓடிடியில் வந்த பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேல், படத்தின் வில்லன், தன் நாயையே அடித்துக் கொல்பவன். அவன் தோன்றும் துண்டுக் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளைப் பின்னணியில் சேர்த்து, இளைஞர்கள் சமூக ஊடகங்களில் கொண்டாடித் தள்ளினார்கள். இயக்குநர் எதற்கு எதிராகப் படம் எடுத்தாரோ அதற்கே அந்தப் படம் கொடியாகப் பயன்பட்டது. படத்தின் பொருள் எடுத்தவர் கையிலா, பார்த்தவர் கையிலா? நடிகரின் ஆற்றல் கதையின் நியாயத்தைத் தோற்கடிக்க முடியுமா? ஒழுக்கக்கேட்டை மெச்சச் சொல்லும் படைப்போடு மனம் ஒத்துப்போக மறுக்கும் என்று 1757இல் டேவிட் ஹியூம் எழுதினார். இங்கே தலைகீழ்: கண்டிக்கச் சொன்ன படைப்பை மெச்சுகிற மனம். ரசனை பற்றிய மெய்யியலுக்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது. அந்த வாரங்களில் இதைப் பற்றிப் பேசியவர்கள் யூடியூபர்களும் கட்சிக்காரர்களும்தான்.

யார் எழுதலாம் என்ற கேள்வி வரும். வரட்டும். கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012இல் சேர்ந்து எழுதிய நூல் முழுவதும் அந்த விவாதம்தான்: ஒடுக்குமுறையை அனுபவித்தவர்தான் அதைக் கோட்பாடாக்க முடியுமா, வெளியில் இருப்பவருக்கு அந்த உரிமை உண்டா? இருவரும் முழுக்க ஒத்துப்போகவில்லை என்பதுதான் அந்நூலின் பலம். ‘மாமன்னன்’ பற்றி எழுத உட்காரும் பேராசிரியர் முதல் பத்தியிலேயே தன் இடத்தைச் சொல்லித் தொடங்க வேண்டியிருக்கும். அது கட்டுரைக்கு நல்லதுதான்.

எல்லாப் படத்துக்கும் இந்த ஆழம் வேண்டியதில்லை. சில படங்கள் தப்பாகக் கணக்குப் போடுவதாலேயே உங்களுக்குத் தீனி. ‘அந்நியன்’ 2005இல் வந்தது. ஐந்து பைசாத் திருட்டு பெரிய தப்பா என்று தொடங்கி, அதையே கோடிப் பேர் கோடி முறை செய்தால் என்ன ஆகும் என்று பெருக்கி, நாயகன் சின்னக் குற்றக்காரர்களைக் கருடபுராணத் தண்டனைப்படி கொல்கிறான். அரங்கமே கைதட்டியது. இதே பெருக்கலை டெரக் பார்ஃபிட் 1984இல் தன் நூலில் போட்டிருக்கிறார். ஒவ்வொருவர் செய்யும் தீங்கும் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, ஆனால் எல்லாம் சேர்ந்தால் சித்திரவதை. அதனால் ஒவ்வொருவர் செய்வதும் தவறுதான் என்று நிறுவுகிறார். அதுவரை ‘அந்நியன்’ பார்ஃபிட்டோடு கைகோத்து நடக்கிறான். பிறகு தாவுகிறான்: கோடிப் பேர் தவற்றின் மொத்த எடையையும் ஒருவன் தலையில் வைத்து அவனைக் கொல்கிறான். பார்ஃபிட்டின் கணக்கில் அந்தத் தாவலுக்கு இடமில்லை. போதாததற்கு அம்பி, ரெமோ, அந்நியன் மூவரும் ஒரே உடம்பு. ஒருவன் செய்தது இன்னொருவன் நினைவில் இல்லை. நினைவு எட்டும் தூரம்தான் ஆள் என்று 1694இல் ஜான் லாக் எழுதியதை எடுத்துக்கொண்டால் எந்த ஆளுக்குத் தண்டனை? இரண்டு மணி நேர வகுப்பு நடத்தலாம், ஒரு மாணவர் தூங்கமாட்டார். ‘எந்திரன்’ படத்தில் தீயிலிருந்து காப்பாற்றிய பெண்ணின் மானத்தைக் காப்பாற்றத் தெரியாத சிட்டி இன்னொரு வகுப்பு.

ராசிபுரத்துக்கு இந்த விஷயத்தில் சின்னப் பாத்தியதை ஒன்றும் இருக்கிறது. ஆர்.கே. நாராயண் பெயரின் முதல் எழுத்து இந்த ஊர். அவருடைய ‘தி கைடு’ நாவல் 1958இல் வந்தது. தேவ் ஆனந்த் அதை 1965இல் படமாக்கினார். மால்குடியை வடநாட்டு அரண்மனைகளுக்குத் தூக்கிக்கொண்டு போன அந்தப் படத்தைப் பற்றி நாராயண் நொந்து சிரித்து எழுதிய கட்டுரை இன்றும் படிக்கச் சுகமானது. நாவலில் போலிச் சாமியார் ராஜு மழைக்காக நோன்பிருந்து சாய்கிறான்; மழை வந்ததா என்பதை நாராயண் நம்மிடமே விட்டுவிட்டார். படத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மற்றவர்கள் நம்பிக்கையே ஒரு போலியைத் துறவியாக்குமா என்ற கேள்வி அந்த மழையில் கரைந்துபோனது. எழுத்தாளர் தன் பங்கு வருத்தத்தை எழுதிவிட்டார். கரைந்துபோன கேள்வியை மீட்பது மெய்யியலாளர் வேலை.

இனிப் பணம்.

படத்துக்குப் பணம் போடுகிறவரிடம் வாங்கினால் கை கட்டிப்போகும் என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். தொலைக்காட்சித் தொடர் ஒவ்வொன்றின் பெயரையும் மெய்யியலோடு ஒட்டி நூல் போடும் பதிப்புத் தொழிலும் உண்டு. அவற்றில் பல, பிரபலமான பெயரைக் காட்டி முதலாண்டுப் பாடத்தை விற்பவை. அந்த வழி வேண்டாம். ஆனால் இலவசமாக எழுதுவதால் மட்டும் சுத்தம் வந்துவிடாது. தமிழ்ச் சிற்றிதழ்கள் பெரும்பாலும் சன்மானம் தருவதில்லை. அதனால் நேரமும் நிரந்தரச் சம்பளமும் உள்ளவர்கள் மட்டுமே எழுத முடிகிறது. தொகுப்பூதியத்தில் காலம் தள்ளும் கௌரவ விரிவுரையாளர் ஒரு படத்தை மூன்று முறை பார்த்து, நான்கு நூல்களைத் தேடிப் படித்து, இருபது பக்கம் எழுத ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்துக்கு யார் கூலி? பதவி உயர்வுக்கும் அது உதவாது. யுஜிசி-கேர் பட்டியல் நடப்பில் இருந்த ஆண்டுகளில், பட்டியலில் இல்லாத இதழில் தமிழில் சினிமாவைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு மதிப்பெண் பூஜ்யம்.

ஆகவே கேளுங்கள், ஆனால் எழுதி வாங்கிக்கொண்டு கேளுங்கள். பணம் தயாரிப்பாளரிடமிருந்து வரட்டும்; கைமாறுவது ஒரு பத்திரிகை வழியாகவோ பல்கலைக்கழகம் வழியாகவோ நடக்கட்டும். பாதித் தொகை முன்பணம், மீதி கட்டுரை கொடுத்த அன்று, பாராட்டினாலும் கிழித்தாலும் அதே தொகை. அச்சாகும் முன் படக்குழுவில் ஒருவரும் பார்க்கக் கூடாது. படம் திரையரங்கை விட்டு இறங்கி ஓடிடியிலும் ஓய்ந்த பிறகே வெளியாக வேண்டும். அப்போதுதான் அது டிக்கெட் விற்கும் வேலையிலிருந்து தப்பும். உரிமை எழுதியவருக்கே. முதலாளிகள் ஏன் ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்கலாம். இசை வெளியீட்டு விழா ஒன்றின் மேடை அலங்காரச் செலவில் இப்படிப் பல கட்டுரைகள் எழுதவைக்கலாம் என்பது அவர்களுக்கே தெரியும். அவர்கள் மறுத்தால் அரசைக் கேளுங்கள். தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் அறிவித்த அரசு இது. தலைப்புக்கே அவ்வளவு தாராளம் காட்டியவர்கள், உள்ளே இருப்பதைத் தமிழில் யோசிக்க ஒரு சிறு தொகை ஒதுக்குவது முறைதான்.

எப்படி எழுதுவது என்று உங்களுக்குச் சொல்லித்தர இந்த மடலுக்குத் தகுதியில்லை. ஒன்றை நினைவூட்டலாம். 13ஆம் நூற்றாண்டு அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரில், தான் மறுக்கப்போகும் சமயங்களின் வாதங்களையெல்லாம் முதலில் பரபக்கமாக வைத்துவிட்டுத்தான் தன் தரப்பான சுபக்கத்துக்கு வருகிறார். இன்றைய பட விமர்சனத்தில் பரபக்கம் கிடையாது. முதல் காட்சி முடிந்த பத்தாவது நிமிடத்தில் சுபக்கம் மட்டும் வந்துவிடுகிறது. ‘தேவர் மகன்’ தன் தரப்பில் என்ன சொல்கிறது என்பதை, அதை எடுத்தவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சொல்லிவிட்டு, பிறகு ‘மாமன்னன்’ அதை எங்கே வெட்டுகிறது, எங்கே வெட்டத் தவறுகிறது என்று காட்டும் ஒரு கட்டுரை. ராசிபுரம் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான். தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதினால் அதைத் தமிழுக்குக் கொண்டுவர இன்னொருவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். இருபது பக்கத்தைப் பத்திரிகைக்காரர்கள் எட்டாக வெட்டுவார்கள் என்பதால், அதற்கும் சேர்த்து ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ராசிபுரத்துப் படம் பார்ப்பவர்களில் ஒருவர்